முகமூடிக்கும் ஒரு பெயர் வேண்டும்

டார்க் வெப் என்பது, தனி மென்பொருள் இருந்தால்தான் நுழைய முடிகிற மறைவான இணையம். அங்கே நடந்த குற்ற வழக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இத்தனை பூட்டுப் போட்டும் எப்படிப் பிடித்தார்கள்?" என்னைக் குடைவது வேறு கேள்வி. பிடிபட்டவர்கள் ஏன் இவ்வளவையும் எழுதி வைத்தார்கள்?

ராஸ் உல்ப்ரிக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 தொடக்கத்தில் 'சில்க் ரோடு' என்ற ரகசியச் சந்தையைத் திறந்தவர். போதைப்பொருள் வாங்கவும் விற்கவும் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துபோன இடம் அது. 2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவின் க்ளென் பார்க் கிளை நூலகத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, தன் ஊழியர் ஒருவரோடு சாட் செய்துகொண்டிருந்தார். அந்த 'ஊழியர்' உண்மையில் மாறுவேடத்தில் இருந்த ஓர் அதிகாரி. பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் திடீரென்று சண்டை போட, உல்ப்ரிக்ட் திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் லேப்டாப் கைமாறிவிட்டது. சண்டை போட்ட இருவரும் அதிகாரிகள்தான். மூடியைச் சாத்த அவருக்கு ஒரு விநாடி கிடைத்திருந்தால் உள்ளே இருந்ததெல்லாம் என்கிரிப்ஷனுக்குள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத பூட்டுக்குள், போயிருக்கும்.

நாடகத்தனமான இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அந்த லேப்டாப்புக்குள் இருந்தவை: வரவு செலவுக் கணக்கு, சாட் பதிவுகள், அப்புறம் ஒரு நாட்குறிப்பு. ஆம், நாட்குறிப்பு. சந்தையை எப்படி ஆரம்பித்தேன், எங்கே தடுமாறினேன், யாரிடம் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று அத்தனையும் அதில் இருந்தது. ஒரு பெண்ணோடு வெளியே போன நாளில் மனதைத் திறந்துவிட வேண்டும் என்று தவித்ததையும், தனக்கு ரகசியங்கள் உண்டு என்று அவளிடம் சொல்லிவிட்டு வருந்தியதையும் குறித்திருக்கிறார். இன்னொரு குறிப்பில் காரணமும் இருக்கிறது: என்றைக்காவது என் வாழ்க்கையை யாராவது கதையாக எழுதலாம், அப்போது விவரமாக ஒரு பதிவு இருந்தால் நல்லது என்கிறார். அந்தப் பதிவு கடைசியில் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு ஆவணமாக வந்து நின்றது.

ஒருவர் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். 'ஆல்ஃபாபே' சந்தையை நடத்திய அலெக்சாந்தர் காஸ் 2017 ஜூலை 5 அன்று பாங்காக்கில் கைதானார். போலீஸ் ஒரு காரை அவர் வீட்டுக் கேட்டில் மோத, என்ன சத்தம் என்று பார்க்க வெளியே வந்தவர் மாட்டிக்கொண்டார். அவர் லேப்டாப்பும் திறந்தே இருந்தது. உள்ளே தன் சொத்து முழுவதையும் வரிசைப்படுத்தி, மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் போட்ட ஒரு கோப்பு இருந்தது. போதாக்குறைக்கு வேறொரு புனைபெயரில், ஆண்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளத்தில் தன் பணத்தையும் பெண்களையும் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தார். வெளியே யாரிடமும் காட்ட முடியாத வெற்றியை எங்கேயாவது, யாரிடமாவது காட்டித்தானே ஆக வேண்டும்!

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இருவருமே தொழில்நுட்பம் தெரிந்தவர்கள். என் பிழைப்பு சர்வர் லாகுகளை, அதாவது சர்வர்கள் தாமாக எழுதி வைக்கும் பதிவுகளை, பார்ப்பது. பொழுது கிடைக்கும்போது இந்த வழக்குகளின் நீதிமன்ற ஆவணங்களைப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. டார்க் வெப்பில் ஆட்கள் அடையாளமே இல்லாமல் மறைந்துவிடுவதில்லை. இன்னொருவராக ஆகிறார்கள். அந்த இன்னொருவருக்கும் பெயர், புகழ், பழைய கணக்கு எல்லாம் வேண்டியிருக்கிறது. புலனாய்வு நடப்பது பெரும்பாலும் அந்தத் தேவையின் மீதுதான்.

முதலில் யார் அங்கே போகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹூடி போட்ட, முகம் தெரியாத உருவத்தை வைத்துப் படம் போடும் வழக்கம் எனக்கு எரிச்சல் தருவது. யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பின் அடிப்படை, தகவலை அடுக்கடுக்காகப் பூட்டிப் பல கணினிகள் வழியாக அனுப்பும் ஆனியன் ரவுட்டிங். அது 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதை ஏன் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள் என்றால், உளவு வேலை செய்பவர்கள் மட்டும் ஒரு வலையமைப்பைப் பயன்படுத்தினால், அதில் இருப்பவர்களெல்லாம் உளவாளிகள் என்று உடனே தெரிந்துவிடும். ஒளிய வேண்டுமானால் கூட்டம் வேண்டும். 2020இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, ஒரு சராசரி நாளில் டோர் பயன்படுத்துபவர்களில் 6.7 சதவீதம் பேர்தான் தீய காரியங்களுக்காக வந்திருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. மற்றவர்கள் பெரும்பாலும் டோர் வழியாகச் சாதாரண இணையதளங்களைத்தான் பார்க்கிறார்கள். பிபிசி செய்திக்கே 2019 முதல் அங்கே ஒரு முகவரி உண்டு.

சில்க் ரோடிலேயே 'டாக்டர் எக்ஸ்' என்ற பெயரில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து, போதைப்பொருள் பயன்படுத்துபவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாத்திரையோடு அதைச் சேர்க்கலாமா, எனக்கு இதயக் கோளாறு இருக்கிறது, என்ன ஆகும் என்ற மாதிரிக் கேள்விகள். தங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டியவை, கேட்க முடியாதவை. உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் எழுதிய பிரபலமான கட்டுரையில் இணையத்தில் மனத்தடை தளர்வதைப் பற்றிப் பேசுகிறார். நீ யாரென்று தெரியாது, உன் முகம் தெரியாது, பதில் உடனே வர வேண்டியதில்லை, மேலே அதிகாரி யாரும் இல்லை. இவையெல்லாம் சேரும்போது மனிதர்கள் நேரில் சொல்லாததைச் சொல்கிறார்கள், செய்யாததைச் செய்கிறார்கள். அந்தத் தளர்வு நல்லதாகவும் வரும், நஞ்சாகவும் வரும் என்று அவர் பிரித்துக்காட்டியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டாக்டர் எக்ஸிடம் கேட்டவரும், அதே சந்தையில் சரக்கு விற்றவரும் நம்பியிருந்தது ஒரே திரையைத்தான்.

சரி, விற்றவர் விஷயத்துக்கு வருவோம். முகம் தெரியாத ஒருவரிடம், புகார் கொடுக்க வழியில்லாத ஒரு சரக்கை, முன்பணம் கட்டி எப்படி வாங்குவது? மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். எந்தச் சட்டமும் இல்லாத இடத்தில் ரிவ்யூதான் சட்டம். நல்ல பெயர் சம்பாதிக்க ஒரு வென்டாருக்கு, அதாவது விற்பவருக்கு, மாதங்கள் ஆகும். அப்படிச் சேர்த்த பெயரை யார் தூக்கி எறிவார்கள்? பாதுகாப்பு பற்றிய அறிவுரை எல்லாமே 'பெயரை அடிக்கடி மாற்று, பழையதை எரித்துவிடு' என்றுதான் சொல்லும். வியாபாரமோ 'பெயரைக் காப்பாற்று' என்கிறது. இந்த இழுபறியில் எப்போதும் வியாபாரம்தான் ஜெயிக்கிறது. ஒரு சந்தை மூடினால் வென்டார்கள் அதே பெயர், அதே பிஜிபி சாவியோடு (செய்தியை எழுதியது தான்தான் என்று காட்டும் டிஜிட்டல் சாவி) அடுத்த சந்தைக்குப் போய் 'நான்தான் அவன்' என்று நிரூபிக்கிறார்கள். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

இதை நெதர்லாந்து போலீஸ் புரிந்துகொண்ட அளவுக்கு வேறு யாரும் புரிந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. 2017 ஜூன் 20 அன்று 'ஹன்சா' என்ற சந்தையை அவர்கள் கைப்பற்றினார்கள். மூடவில்லை. தாங்களே நடத்தினார்கள். இரண்டு வாரம் கழித்து ஆல்ஃபாபே மூடப்பட்டதும் அங்கிருந்த கூட்டம் ஹன்சாவுக்குள் பாய்ந்தது. புதிதாகச் சேர்பவர்களின் எண்ணிக்கை எட்டு மடங்கானது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல் அறிவித்தது. போலீஸ் அந்தத் தளத்தின் நிரலில் சில மாற்றங்கள் செய்தது. பாஸ்வேர்டுகள் பதிவாகும்படி செய்தார்கள். வாங்குபவரின் முகவரி என்கிரிப்ட் ஆவதற்கு முன்பே ஒரு நகல் தங்களிடம் வரும்படி செய்தார்கள். படங்களை அழித்துவிட்டு, கோளாறு என்று சொல்லி, வென்டார்களைத் திரும்ப ஏற்றச் சொன்னார்கள். படத்தில் ஒட்டியிருக்கும் இடத் தகவலை நீக்கும் வசதியை முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது. ஹன்சாவில் கிடைத்த பாஸ்வேர்டுகளை எடுத்துப்போய் 'ட்ரீம் மார்க்கெட்' என்ற இன்னொரு சந்தையில் போட்டுப் பார்த்தார்கள். திறந்தது. சிறைக்குப் போகும் அளவுக்குத் துணிந்து தொழில் செய்த ஆட்கள், இரண்டு கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தார்கள். மனிதனுக்கு எத்தனை ஆபத்து வந்தாலும் ஒரு பாஸ்வேர்டுக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ள மனம் வருவதில்லை.

அடுத்தது குற்ற உணர்வு. தினமும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்கு என்ன செய்கிறார்கள்? இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1957இல், கிரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்சா என்ற இரு சமூகவியலாளர்கள் குற்றம் செய்பவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை வகைப்படுத்தினார்கள். நான் பொறுப்பில்லை, யாருக்கும் அடிபடவில்லை, பட்டவனுக்கு வேண்டியதுதான், கண்டிப்பவர்கள் மட்டும் யோக்கியமா, எல்லாம் ஒரு பெரிய நோக்கத்துக்காக. சில்க் ரோடு கடைசி இரண்டிலும் ஊறிய இடம். நிர்வாகி அரசியல் தத்துவம் பேசினார், புத்தக வாசிப்புக் குழுகூட நடத்தினார். அவர் பாசாங்கு செய்ததாக நான் நினைக்கவில்லை. நம்பியிருக்கிறார். ஆனால் உலகத்துக்குச் சொல்ல ஒரு தத்துவம் வைத்திருக்கும் ஆளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது கடினம்.

அவரைக் கண்டுபிடித்த வழியும் அப்படித்தான். சந்தை தொடங்கிய புதிதில் 'ஆல்டாய்ட்' என்ற பெயரில் யாரோ இணையத்தில் அதற்கு விளம்பரம் செய்திருந்தார்கள். பல மாதம் கழித்து அதே பெயரில் கணினி ஆள் தேவை என்று இன்னொரு பதிவு; தொடர்புக்கு என்று கொடுத்திருந்த மின்னஞ்சலில் உல்ப்ரிக்ட்டின் சொந்தப் பெயர். வருமான வரித்துறை அதிகாரி கேரி ஆல்ஃபோர்டு 2013இல் இதைக் கூகுளில் தேடிக் கண்டுபிடித்தார். காஸ் விஷயத்தில், ஆல்ஃபாபேயின் ஆரம்பகால வரவேற்பு மடலின் தலைப்புப் பகுதியில் அவருடைய சொந்த ஹாட்மெயில் முகவரி போயிருந்தது. இரண்டுமே ஆரம்ப நாள் தடயங்கள். பிற்பாடு எவ்வளவு கவனமாக இருந்தாலும், பெரிய ஆளாவதற்கு முன்பு செய்ததை இணையம் வைத்திருக்கிறது.

கருவி கொடுக்கும் தைரியம் தனி. டோரைத் திறந்துவிட்டால் உடம்பு முழுவதும் மறைந்துவிட்டது போன்ற உணர்வு. 2013 டிசம்பரில் ஹார்வர்டில் ஒரு மாணவர், தேர்விலிருந்து தப்பிக்க, டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். ஆனால் அனுப்பியது பல்கலைக்கழக வைஃபையிலிருந்து. அந்த நேரத்தில் வளாகத்தில் யாரெல்லாம் டோர் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் போதுமாக இருந்தது. கூட்டம் இல்லாத இடத்தில் ஒளிந்தவர் அவர்.

'வெல்கம் டு வீடியோ' என்ற, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைக் காணொளிகளை விற்ற தளத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். தென்கொரியாவில் இருந்த சர்வரின் உண்மையான ஐபி முகவரி அந்தத் தளத்தின் பக்க நிரலிலேயே கிடந்தது. வாங்கியவர்களோ அடையாளச் சான்று கொடுத்துத் திறந்த எக்ஸ்சேஞ்ச் (பிட்காயின் வாங்கி விற்கும் நிறுவனம்) கணக்குகளிலிருந்தே பிட்காயின் அனுப்பியிருந்தார்கள். 2019 அக்டோபரில் அறிவித்தபோது 337 பேர் கைதாகியிருந்தார்கள். பிட்காயின் பெயரைக் கேட்காது என்பது உண்மை. ஆனால் எதையும் மறக்காது என்பதும் உண்மை. 2012இல் சில்க் ரோடிலிருந்தே 50,000 பிட்காயினுக்கு மேல் திருடிய ஒருவரை 2021 நவம்பரில் தேடிப் பிடித்தார்கள். அதில் ஒரு பங்குக்கான சாவி, குளியலறை அலமாரியில், பாப்கார்ன் டப்பாவுக்குள் போர்வைக்கு அடியில் ஒரு சிறு கணினிப் பலகையில் இருந்தது. பரிமாற்றம் ஒவ்வொன்றும் பொதுவில் பதிவாகும் பிளாக்செயின் என்ற பேரேடு ஒன்பது வருடம் பேசாமல் காத்திருந்தது.

இனி மேசைக்கு வருகிறேன், அதாவது தடயவியல் மேசைக்கு. கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்ப்பதே தடயத்தைக் கெடுப்பது. சும்மா ஆன் ஆவதிலேயே எத்தனையோ கோப்புகளின் தேதி மாறிவிடும். எனவே டிஸ்க்கைக் கழற்றி ரைட் பிளாக்கர் என்ற கருவி வழியாக இணைப்பார்கள். படிக்க விடும், எழுத விடாது. ஒவ்வொரு பிட்டையும் நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் என்ற எண்முத்திரையைக் கணக்கிட்டு இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். SHA-256 என்ற முறையில் 64 எழுத்தில் வரும் அந்த விடை, உள்ளே ஒரு காற்புள்ளி மாறினால்கூட அடியோடு மாறிவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் என்றால் கதை தலைகீழ்: அணைக்கவே கூடாது. என்கிரிப்ஷன் சாவி ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். திரை பூட்டிக்கொள்ளாமல் இருக்க, மவுஸ் நகர்வது போல் போக்குக் காட்டும் ஒரு சிறு யுஎஸ்பி கருவியைச் சொருகி வைப்பார்கள். நூலகத்தில் நடந்த அந்தப் போலிச் சண்டைக்கும், கேட்டில் மோதிய காருக்கும் காரணம் இந்த ஒரு தொழில்நுட்ப விவரம்தான்.

ஒரு பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு டிஸ்க் நகல் கொடுத்தார்கள், பயிற்சிக்காகவே தயாரித்தது. 'பயனர்' டோர் பிரவுசரைப் பயன்படுத்திவிட்டு அந்த ஃபோல்டரையே அழித்திருந்தார். பிரவுசர் வரலாறு வெறுமை. ஆனால் விண்டோஸுக்கு ஒரு பழக்கம்: அடிக்கடி ஓடும் நிரல்களை வேகமாகத் திறக்க ப்ரீஃபெட்ச் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். கடைசியாக ஓடிய எட்டு நேரங்கள் வரை அதில் இருக்கும். டோர் பிரவுசரின் உடல் ஃபயர்ஃபாக்ஸ்தான் என்பதால் முதலில் அந்தப் பெயரில் ஒரு குறிப்பு. பக்கத்திலேயே டோர் நிரலுக்கு இன்னொன்று. எட்டு நேரமும் நள்ளிரவு ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில். அதோடு, இறக்கி வைத்துப் பார்த்த ஒரு படத்தின் சிற்றுருவம் தம்ப்நெயில் சேமிப்பில் மிச்சம். மூலப்படம் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டது.

எங்களில் பாதிப் பேர் அந்த எட்டு நேரங்களைப் பார்த்ததும் 'வீட்டில் எல்லோரும் தூங்கியபின் கள்ளத்தனமாக' என்று கதை கட்டிவிட்டோம். பின்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும், "நைட் ஷிஃப்ட் ஆளாக இருந்தால்?" என்று கேட்டார். பயிற்சியாளர் அதற்காகத்தான் காத்திருந்தார் போலும். ப்ரீஃபெட்ச் நிரல் ஓடியதைச் சொல்லும். நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார், என்ன மனநிலையில் என்பதைச் சொல்லாது.

இது வகுப்பறை வேடிக்கை மட்டுமில்லை. 2021இல் நீனா சுண்டே, இட்டியல் ட்ரோர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், 53 டிஜிட்டல் தடயவியலாளர்களிடம் ஒரே தடயக் கோப்பைக் கொடுத்து, பின்னணித் தகவலை மட்டும் ஆளுக்கு ஒருவிதமாக மாற்றினார்கள். சிலருக்குக் குற்றத்தைச் சுட்டும் தகவல், சிலருக்கு நிரபராதி என்று நினைக்கவைக்கும் தகவல். எத்தனை தடயங்களைக் கண்டார்கள் என்பதே அதற்கேற்ப மாறியது. ஒரே பின்னணி கொடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் முடிவுகள் பெரிதாக ஒத்துப்போகவில்லை. ஹாஷ் ஒன்றாக இருந்தது, கண்கள் வேறாக இருந்தன. டார்க் வெப் என்று சொன்னாலே முன்தீர்ப்பு ஏறிவிடும் வழக்குகளில் இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். டோர் நிறுவியிருந்தார் என்பதையே தடயமாக எழுதும் அறிக்கை எதையும் நான் நம்பமாட்டேன்.

முறைகளிலும் எனக்குச் சங்கடம் உண்டு. ஹன்சாவை நடத்தியதை ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் 2015இல் எஃப்பிஐ, 'ப்ளேபென்' என்ற குழந்தைக் கொடுமைத் தளத்தைக் கைப்பற்றி, பிப்ரவரி 20 முதல் மார்ச் 4 வரை தானே இயக்கியது. வருபவர்களின் உண்மையான ஐபி முகவரியைப் பிடிக்க அதில் ஒரு நிரலை வைத்தார்கள். அந்த நாட்களில் அந்தப் படங்களும் போய்க்கொண்டுதான் இருந்தன. பிற்பாடு ஒரு வழக்கில் அந்த நிரலை எதிர்த்தரப்புக்குக் காட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்டபோது, காட்டுவதைவிட வழக்கையே கைவிடுவது மேல் என்று அரசு முடிவெடுத்தது. எப்படிக் கிடைத்தது என்று சொல்ல முடியாத தடயத்தை எதிர்த்தரப்பு எப்படிச் சோதிக்கும்?

கடைசியாக, சில்க் ரோடையே விசாரித்த இரண்டு பேர். போதைத் தடுப்பு அதிகாரி கார்ல் ஃபோர்ஸ், சீக்ரெட் சர்வீஸ் அதிகாரி ஷான் பிரிட்ஜஸ். ஃபோர்ஸ் மாறுவேடத்தில் உல்ப்ரிக்ட்டோடு பேசுவதற்கு அதிகாரபூர்வமாக ஒரு பெயர் வைத்திருந்தார். அப்புறம் யாருக்கும் சொல்லாமல் இன்னொரு பெயர் உருவாக்கி, விசாரணைத் தகவலையே அவருக்கு விற்றார். பிரிட்ஜஸ், கைதான ஒரு சில்க் ரோடு ஊழியரின் அட்மின் கணக்கு வழியாக ஏறக்குறைய 20,000 பிட்காயினைச் சுருட்டினார். முகமூடி மனதை என்ன செய்யும் என்பதை மற்றவர்களிடம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவர்கள், தாங்களே போட்டபோது அதே மாதிரிதான் ஆனார்கள். பிளாக்செயினில் போன பணத்தைப் பின்தொடர்ந்து அவர்களைப் பிடித்தவர்கள் சக அதிகாரிகள். ஃபோர்ஸுக்கு ஆறரை வருடம். பிரிட்ஜஸுக்கு 71 மாதம். சிறைக்குள் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் அவரை மறுபடியும் கைது செய்தார்கள். அரசு பறிமுதல் செய்து வைத்திருந்த பிட்காயினிலிருந்து இன்னொரு 1,600ஐயும் அவர் எடுத்திருந்தது பிறகு தெரியவந்தது. அந்தப் பிட்காயின் இருந்த வாலட்டின் (டிஜிட்டல் பணப்பையின்) சாவி விசாரணைக் காலத்திலிருந்தே அவரிடம் இருந்தது; பணத்தை நேரத்தில் வேறு வாலட்டுக்கு யாரும் மாற்றவில்லை.